ஷோரூம் செடிகளில் வந்த வட்டம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு முதல் பொட்டைப் பார்த்தேன். நான் செடிகளைப் பராமரித்து வந்த பனியன் கம்பெனியில் கேட் பதிவேட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மாடிக்குப் போக முடியும். ஒன்பது முப்பத்தைந்து என்று எழுதினேன். படியேறி ஷோரூம் கதவைத் தள்ளினேன். கதவுக்கு வலப்பக்கம் இருந்த முதல் தொட்டியில் அக்லோனிமா என்ற அலங்காரச் செடி. அதன் அகலமான இலை ஒன்றில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பழுப்பு வட்டம் இருந்தது. வட்டத்துக்குள் இன்னொரு வட்டம். நடுவில் வெளிறிய புள்ளி. சுற்றிலும் மஞ்சள் விளிம்பு.

அடுத்த திங்கட்கிழமை அதே வட்டத்தை என் மகளின் முன்கையில் பார்த்தேன்.

நான் வேலையை விட்டு நான்கு மாதமாகிறது. முழங்கால் படி ஏற விடவில்லை. நான் வேலை பார்த்த செடி நர்சரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்கள் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். இப்போது இலைக்குப் பளபளப்புக் கொடுக்கும் ஸ்ப்ரே வந்திருக்கிறதாம். கம்பெனிகள் எல்லாம் அதைக் கேட்கின்றனவாம். "அடிக்கலாமாக்கா?" என்று கேட்டார்கள். ஒரே வார்த்தையில் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் வேண்டாம் என்று சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். எழுதித் தருகிறேன் என்று அனுப்பி வைத்தேன்.

நான் தாவரவியல் படித்தவள். படித்ததற்கும் செய்த வேலைக்கும் இருந்த தூரத்தைக் கடக்க எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருந்த அந்த நர்சரி, பனியன் கம்பெனி அலுவலகங்களுக்குச் செடிகளை வாடகைக்கு விடும். ஏசி அறைக்குள் ஒரு செடி மூன்று வாரம் தாங்கும். அதன் பிறகு அதை எடுத்து வந்து நிழல்வலைக்கு அடியில் தேற்ற வேண்டும். வேறொன்றை அங்கே வைக்க வேண்டும். எனக்குப் பதினோரு கம்பெனிகள். அவற்றில் பெரியது இந்த ஏற்றுமதிக் கம்பெனி. துணி வாங்க வரும் வெளிநாட்டு பையர்கள் உட்காரும் இரண்டாம் மாடி ஷோரூமில் மட்டும் பதினாறு தொட்டிகள்.

அங்கே பையர்களின் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசராக இருந்த பிரவீன் சின்னப் பையன்தான். பையர் வருகிறார் என்றால் அவனுக்கு வேர்த்துவிடும்.

"மேடம், போன தடவ வந்த லேடி நேரா வந்து இலையத் தொட்டுப் பாத்தாங்க. ஒரிஜினலா, பிளாஸ்டிக்கான்னு டவுட்டு. எங்க காட்டனையே அப்படித் தொட்டுப் பாக்கல. இலை எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கணும் மேடம்."

அவனுக்காக ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். அதை அப்புறம் சொல்கிறேன். வட்டம் வந்த நாட்களில் எனக்கே அது நினைவில் இல்லை.

எங்கள் நர்சரியை நடத்தியவர் தங்கவேல் சார். அரசுத் தோட்டக்கலைப் பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எட்டு வயதுக் குழந்தையைக்கூட "வாங்க, உக்காருங்க" என்பார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். "தாங்கள் தயவுசெஞ்சு இதைப் பாருங்க அம்மிணி" என்று அவர் சொன்னால் நாம் ஏதோ தவறு செய்திருக்கிறோம் என்று பொருள். நோயுள்ள இலையை விரலால் தொட மாட்டார். சட்டைப்பையில் இருக்கும் பென்சிலின் பின்பக்கத்தால் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார். பொட்டுகளை எண்ணுவார். பிறகு தொட்டியைச் சுற்றி ஒருமுறை நடப்பார்.

வியாழக்கிழமை அவர் வந்தபோது மூன்று தொட்டிகளில் வட்டம் வந்திருந்தது. முதல், இரண்டாவது, மூன்றாவது. வரிசை தப்பவில்லை. முதல் தொட்டியில் ஒன்பது பொட்டு, இரண்டாவதில் நான்கு, மூன்றாவதில் ஒன்று.

"பூஞ்சணம்தானுங்க. அதுல சந்தேகமில்லை" என்றார். "ஆனா இது இப்படி வரிசையில நடக்காதுங்க அம்மிணி. இங்க மழையில்ல, காத்தில்ல, பூச்சியில்ல. இலையில ராத்திரி பூரா ஈரம் நிக்கோணும், அப்பத்தான் இது முளைக்கும். தண்ணி ஆர் ஊத்தறாங்க?"

"நான்தான் சார். வாரம் ரெண்டு நாள். காலையில, மண்ணுலதான். இலையில ஒரு சொட்டுப் படாது."

"ஏசி தண்ணி சொட்டுதுங்களா?"

"இல்லீங்க சார். ஏணி போட்டுப் பாத்தேன்."

"வேற ஆராச்சும் தொடறாங்களா?"

"யாரும் தொடறதில்லீங்க சார்."

அவர் பென்சிலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "பொட்டெல்லாம் மேல்பக்கம்தான் இருக்குது, பாத்தீங்களா? அஞ்சடிக்கு மேல இருக்கற இலையில ஒண்ணுகூட இல்லை. ஒரு கை போற ஒசரம்ங்க" என்றார்.

அறையைச் சுற்றிப் பார்த்தேன். அந்த அறையில் ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் சாம்பிள் சட்டைகள். நடுவில் ஒரு நீள மேசை. கடைசி மூலையில் குழந்தைகள் உடுப்பு மாட்டிய மூன்று பொம்மைகள் நின்றன. துணி போர்த்தித் தைத்த பொம்மைகள். கை உண்டு, தலை இல்லை. மாலை ஏழு மணிக்குக் கதவைப் பூட்டிச் சாவியை வாட்ச்மேன் ராமசாமி அண்ணனிடம் கொடுத்துவிடுவார்கள்.

சார் சொன்னபடி செய்தேன். நோய் கண்ட மூன்று தொட்டிகளையும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோனோம். பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, வட்டம் வந்த இலைகளைக் காம்போடு வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு துடைப்பு. வெட்டிய இலையை உதறாமல், வாளியில் போடாமல், நேரே பாலிதீன் பைக்குள் இறக்கிக் கட்டினேன். பிறகு மருந்து. நீலப்பச்சை நிறத்தில் இருக்கும் தாமிரப் பொடி, லிட்டர் தண்ணீருக்கு இரண்டரை கிராம். மூடிய அறைக்குள் அதை அடிக்கவே கூடாது. கையுறை போட்டு, முகத்தில் துணி கட்டி, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, இலையின் இரு பக்கமும் நனைய அடித்தேன். ஷோரூமில் காலியான இடங்களில் நர்சரியிலிருந்து சுத்தமான புதுச் செடிகளை வைத்தோம். தொட்டிக்குத் தொட்டி ஒரு முழம் இடைவெளி விட்டோம்.

மறுவாரம் புதன்கிழமை அந்தப் புதுச் செடியிலும் வட்டம் வந்திருந்தது. அதே முதல் இடத்தில்.

ராமசாமி அண்ணன் படிவரை வந்தார். உள்ளே வரவில்லை. "அம்மிணி, நா பொய் சொல்லுலீங்க. விடியக்காலம் மேல ஆரோ நடக்கறாப்பல இருக்குதுங்க. சொத்து சொத்துன்னு சத்தம். செடி மேல குத்தமில்லீங்க. அந்த எடத்து மேல குத்தம்" என்றார்.

"அண்ணா, நீங்க போய்ப் பாக்கலியா?"

"நானா? எனக்கு ரெண்டு பொண்ணு கட்டிக்குடுக்கோணுமுங்க" என்றார்.

பிரவீன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால், அந்தத் திங்கட்கிழமை, கீர்த்தனாவுக்குத் தலை பின்னும்போது நான் அவள் கையைப் பார்த்திருந்தேன்.

கீர்த்தனா என் ஒரே மகள். அப்போது மூன்றாம் வகுப்பு. அரையாண்டு விடுமுறையில் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் பத்து நாள் அவளை என்னோடு கூட்டிப் போயிருந்தேன். ஷோரூமில்தான் பெரும்பாலும் இருப்பாள். தலையில்லாத பொம்மைகளுக்குப் பெயர் வைத்து நர்ஸ் விளையாட்டு விளையாடுவாள். பள்ளி திறந்து ஒரு வாரம் கழித்து, அவளுடைய இடது முன்கையில் அது வந்திருந்தது. வட்டம். மேடான சிவந்த விளிம்பு. நடுவில் தோல் வெளிறியிருந்தது. அரிக்கிறது என்றாள்.

செடியின் பூஞ்சணம் மனிதனுக்கு வராது என்று எனக்குத் தெரியும். அன்று மாலை சாரிடமும் போனில் கேட்டேன். அவரும் அதையே சொன்னார்: "இலைக்கு வர்றது வேற, தோலுக்கு வர்றது வேறங்க அம்மிணி. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க." சரி என்றேன். போகவில்லை. டாக்டர் என்ன சொல்வாரோ என்று பயந்தேன். நான்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

புதன்கிழமை, புதுச் செடியில் வட்டத்தைப் பார்த்த அதே நாளில், பொம்மைகளைத் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். முதல் பொம்மையின் முன்கையில், துணியின் மேல், சாம்பல் நிறத்தில் மூன்று சிறு வட்டங்கள். அது இடது கை.

அன்று நான் படித்ததெல்லாம் என்னை விட்டுப் போய்விட்டது. இலை, பொம்மை, என் குழந்தை. ஒரே வட்டம், ஒரே உயரம். கேட்டில் கையெழுத்துப் போடாமல் வெளியே வந்திருக்கிறேன். ராமசாமி அண்ணன் பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழவில்லை.

இதை எழுதத்தான் எனக்கு நான்கு நாளாயிற்று. வீட்டுக்கு வந்ததும் என் பையிலிருந்த தாமிரப் பொடியை எடுத்தேன். செடிக்குக் கேட்கிற மருந்து இதற்கும் கேட்கும் என்று நினைத்தேன். தேங்காய் எண்ணெயில் குழைத்து அவள் கையில் தடவித் துணியால் கட்டினேன்.

"எரியுதும்மா" என்றாள்.

"எரிஞ்சாத்தான் கண்ணு போகும்" என்றேன்.

காலையில் கட்டை அவிழ்த்தபோது வட்டம் தெரியவில்லை. அந்த இடம் முழுவதும் கொப்புளம்.

பள்ளிக்கு அனுப்பாமல் அவிநாசி ரோட்டில் இருந்த தோல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். நடக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா குழந்தையின் கையைக் கழுவிவிட்டு, என்ன போட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"வெறும் படர்தாமரைங்க. ரெண்டு வாரம் களிம்பு போட்டாப் போயிரும். இந்தப் புண்ணு ஆறத்தான் நாளாகும். இது அதுவா வந்ததில்லை, நீங்க பண்ணுனது. படிச்சவங்கதானே நீங்க?"

"இது செடியில இருந்து வந்ததா டாக்டர்?"

"செடியில இருந்தா? இல்லீங்க. மனுசங்ககிட்ட இருந்து மனுசங்களுக்கு வர்றது. ஈரத்துணி, துண்டு, அது மூலமா வரும். பாப்பா கூட இருக்கறவங்க ஆருக்காச்சும் இது இருக்குதா?"

"யாருக்கும் இல்லைங்க" என்றேன்.

தங்கவேல் சாரிடம் சொன்ன அதே பதில். இதையும் யோசிக்காமல்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு ராமசாமி அண்ணனிடம் சாவி வாங்கப் போனேன். "மேல தொறந்துதானுங்க இருக்குது" என்றார். யார் திறந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. ஷோரூமுக்குள் போய், சாம்பிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், பொம்மைகளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஏசி ஓடவில்லை. விளக்கு ஒன்று மட்டும் எரிந்தது. பொம்மையின் கை என் தோளுக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தது.

படியில் சொத்து, சொத்து என்று சத்தம் வந்தது. ஈரமான செருப்பு. கதவு திறந்தது. துப்புரவு வேலை செய்யும் ஞானம் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு உள்ளே வந்தாள். அட, ஞானம்தானே என்று மூச்சு விட்டேன். யாராவது வருகிறார்களா என்று மறுபடியும் கதவையே பார்த்தேன்.

அவள் வாளியிலிருந்து ஒரு கொத்துப் பனியன் வேஸ்ட்டை எடுத்துப் பிழிந்தாள். கட்டிங்கில் கழித்துப் போடும் துணித் துண்டுகள். ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். முதல் தொட்டியின் இலையை ஒரு கையில் தாங்கி, மேல்பக்கத்தை மெதுவாக, அக்கறையாகத் துடைத்தாள். அடுத்த இலை. அடுத்த தொட்டி. துணியை மாற்றவில்லை. எட்டாத இலையை விட்டுவிட்டாள். நான்கு தொட்டிகள் முடியும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கண் முன்னால் நடப்பது என்னவென்று அதுவரை எனக்குப் புரியவில்லை.

எழுந்தேன். அவள் பயந்து வாளியைத் தட்டிவிட்டாள்.

"யம்மா! என்னக்கா இப்படி ஒளிஞ்சு நிக்கிய! உசிரே போயிட்டு."

"எத்தன நாளா இந்தத் துணி?"

"இதா? அது கெடக்கு ரெண்டு மாசமா. நல்லா ஊறுன துணிலதான்க்கா மினுக்கு வருது. தெனம் வாளித் தண்ணிலேயே போட்டு வச்சிருவேன். பொம்மைக் கையையும் ஒரு இழுப்பு இழுத்துருவேன், தூசி அடையுதுல்லா."

"யாரு உன்னத் தொடைக்கச் சொன்னா?"

அவள் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். "நீங்கதான சொன்னிய. பையர் வாராவ, தெனம் காலைல தொடச்சு வையி ஞானம், வேஸ்ட்டுத் துணி போதும்னிய."

சொன்னேன்தான். பிரவீனுக்காக நான் செய்து வைத்த ஏற்பாடு அதுதான். சார் 'வேற ஆராச்சும் தொடறாங்களா' என்று கேட்டபோது நான் மறைக்கவில்லை. ஞானத்தின் முகம் என் மனதுக்கு வரவே இல்லை. சாவியை யாரிடம் கொடுக்கிறோம் என்பது ராமசாமி அண்ணன் மனதுக்கும் வரவில்லை. தினமும் விடியற்காலையில் அவர் கையிலிருந்து சாவி வாங்கிக்கொண்டு போனவளைத்தான் அவர் பேய் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"கீர்த்தனா இந்தத் துணியத் தொட்டாளா?"

"பாப்பா கேட்டாளேன்னு ஒரு துண்டு கிழிச்சுக் குடுத்தேன். கையில கட்டுப் போட்டு வெளாண்டா. ஏங்க்கா?"

அதன் பிறகு நான் பேசியதை முழுதாக எழுத முடியாது. உன் அழுக்குத் துணியை என் பிள்ளை கையில் கட்டினாயா என்று கேட்டேன். அதைவிட மோசமாகவும் பேசினேன். அவள் கவிழ்ந்த வாளித் தண்ணீரை அதே துணியால் ஒற்றி எடுத்தாள். பிரவீன் வேலைக்கு வந்ததும் கீழே போய் அவனிடம் சொன்னேன். இனி அவள் இரண்டாம் மாடிக்கு வரக்கூடாது என்று முடிவாயிற்று.

செடிகள் பிழைத்தன. புதுப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: இலைக்குப் பளபளப்பு வேண்டாம். தூசி இருந்தால் தொட்டியை வெளியே எடுத்துப் போய்க் காலையில் கழுவி, வெயில் ஏறுவதற்குள் இலை உலரும்படி காற்றில் வையுங்கள். துடைத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு செடிக்கு ஒரு உலர்ந்த துணி. அதை அடுத்த செடிக்குக் கொண்டு போகாதீர்கள். ஈரத்தில் ஊறும் துணியைச் செடி இருக்கும் அறையில் வைக்காதீர்கள். புதிதாக வரும் செடியைப் பத்து நாள் தனியே வைத்துப் பாருங்கள். முதல் தொட்டியில் இருந்த அந்த ஒற்றைப் பொட்டு நர்சரியிலிருந்து நான் கொண்டு வந்ததாகத்தான் இருக்க வேண்டும். யார் தொடுகிறார்கள் என்று கேட்டால், பதில் சொல்லுமுன் அந்தக் கட்டடத்தில் இருக்கும் எல்லோரையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

இலையில் வந்தது ஒன்று, பொம்மைத் துணியில் வந்தது இன்னொன்று, குழந்தையின் தோலில் வந்தது மூன்றாவது என்று சார் பிறகு விளக்கினார். மூன்றுக்கும் வழி ஒரே ஈரத்துணி. கேட்டுக்கொண்டேன். இலைக்கு வந்தது எங்கிருந்து என்று தெரிந்துவிட்டது. மூன்றாவது அந்தத் துணிக்கு எங்கிருந்து வந்தது என்று மட்டும் நான் கேட்கவில்லை. அழுக்கு என்ற சொல்லே எனக்குப் போதுமானதாக இருந்தது.

கீர்த்தனாவுக்கு இப்போது பன்னிரண்டு வயது. முன்கையில் வழவழப்பாக ஒரு தழும்பு. தினமும் காலையில் அவள் இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறேன். "விடும்மா" என்று உருவிக்கொள்கிறாள்.

ஞானத்தை நான் திட்டிய அந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி இருக்கும். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். ஞானம் நின்றுகொண்டிருந்தாள். சர்ச்சுக்குப் போய்விட்டு நேரே வந்திருந்தாள். நல்ல சேலை, அதன் மேல் வேலைக்குப் போடும் ஆண்கள் சட்டை, முழுக்கை, மணிக்கட்டுவரை பட்டன் போட்டிருந்தது. வெயிலில் வேர்த்து வழிந்தது. உள்ளே வா என்றேன். வரவில்லை.

"பாப்பாக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். கீர்த்தனா ஓடிவந்து கட்டுப் போட்ட கையை நீட்டிக் காட்டினாள். ஞானம் அதைத் தொடவில்லை. தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வலது கைப் பட்டனைக் கழற்றிச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள்.

வட்டத்துக்குள் வட்டம். வட்டத்தின் மேல் வட்டம். பழையது வெளிறி, விளிம்பில் புதியது சிவந்து, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை இடைவெளி இல்லாமல் இருந்தது. இடது கையையும் சுருட்டினாள்.

"ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுக்கா" என்றாள். குரலில் கோபம் இல்லை. "செடிக்கு வந்ததும் பென்சில் சார் வந்து பாத்தாவ. பிரவீன் சார் பாத்தாவ. நீங்க காலைல ஏழரைக்கே வந்து உக்காந்து பாத்திய. பாப்பாக்கு டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு இருந்தாக் காட்டுங்கக்கா. அதையே நானும் வாங்கிக்கிடுதேன்."